திரும்பி வந்த பிள்ளைக்கு இரண்டாம் தண்டனையா?

(யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



இவ்விழாவிற்கு எம்மை அழைத்த அன்பர்கள், எப்பொருள் பற்றியும் பேசலாம் என்று உரிமை தந்துள்ளனர். மேடை ஏறுவோர் மொழியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுவது இந்நாட்டின் வழக்கம். நாமும் அவ்வாறு பல மேடைகளிற் பேசியிருக்கிறோம்; இனியும் பேசுவோம். ஆனால் இன்று ஒரு வீட்டுப் படலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்தப் படலையைத் திறந்துகொண்டு, பதினாறு வயதுப் பையன் ஒருவன், கையில் ஒரு துணிப் பையுடன், ஒன்றரை ஆண்டு கழித்துத் தன் வீட்டிற்குள் வந்தான். வந்தவன் தன் வீட்டுக்கு மீண்டும் பிள்ளையாக எத்தனை நாள் எடுத்தது, அதற்கு யார் யார் தடையாக நின்றோம் என்பதே எமது பேச்சு. "நின்றோம்" என்று தன்மையிற் சொல்வதன் காரணம் பின்னர் விளங்கும்.

அவன் இவ்வூரவன் அல்லன். அவனுடைய பெயரையும் ஊரையும் நாம் சொல்லப்போவதில்லை. அவனும் அவனுடைய தாயாரும் இசைந்த பின்னரே இதனைப் பேசுகிறோம்.

குற்றம் சிறிதன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அவன் செய்தது குற்றம். தோட்டக்காரர் ஒருவரின் கிணற்றடியிலிருந்து நீர்ப்பம்பி ஒன்று இரவோடிரவாகக் களவு போயிற்று. வளர்ந்த மனிதர் இருவர் அதனைக் கழற்றினர். பதினாலரை வயதுப் பையன் அதனைத் தன் சைக்கிளிற் கட்டிக் கொண்டு போனான். அவனுக்குக் கிடைத்தது ஒரு பழைய கைத்தொலைபேசியும் சில நூறு ரூபாவும்.

இங்கே கமக்காரர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். மாசி மாதத்து வெயிலில், வெங்காயம் காய் பிடிக்கும் வேளையில், பம்பி இல்லாமற் போவது என்னவென்று உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தோட்டக்காரர் மனைவியின் காப்பை ஈடு வைத்து விதைவெங்காயம் வாங்கியவர். இரவற் பம்பி தேடி அலைந்த நாட்களுக்குள் பாத்திகள் வாடிவிட்டன. காப்பும் மீளவில்லை. ஆதலால், "சின்னப் பொடியன், தெரியாமற் செய்துவிட்டான்" என்று இக்குற்றத்தைத் துடைத்துவிட நாம் வரவில்லை. துடைப்பது நீதியன்று, திருந்துவதற்கும் அது வழியன்று.

நீதிமன்றம் அவனை உடனே அனுப்பிவிடவில்லை. முதலில் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வீட்டிலேயே விட்டது. அவன் பாடசாலைக்குப் போகவில்லை. பழைய கூட்டத்தை விடவில்லை. மறுமுறை அகப்பட்டபோதே நன்னடத்தைப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். அவனை ஏவிய பெரியவர் இருவரும் வழக்கறிஞர் வைத்துப் பிணையில் வெளிவந்து ஊரில் நடமாடினர். பிள்ளை உள்ளே இருந்தான். இதனையும் குறித்துக் கொள்ளுங்கள்.

சட்டம் என்ன எண்ணியது?

இந்நாட்டில் சிறுவரின் வழக்குகளுக்கு அடிப்படையாயிருப்பது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க, சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். குற்றம் செய்த பிள்ளையை வளர்ந்த குற்றவாளியோடு ஒன்றாக வைத்து விசாரித்தலாகாது; அவனுக்கெனத் தனி நீதிமன்றம் வேண்டும்; இயன்றவரை பெற்றோரிடமோ தகுந்த வேறொருவரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் உள்ளக்கிடக்கை. 1944ஆம் ஆண்டில் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் வந்தது. தண்டனைச் சட்டக்கோவையின்படி நெடுங்காலமாக எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் குற்றத்திற்குப் பொறுப்பாளி ஆக்கலாம் என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தம் அவ்வெல்லையைப் பன்னிரண்டு வயதாக உயர்த்திற்று. இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளையைத் தடுத்து வைத்தல் வேறு வழியே இல்லாதவிடத்து மட்டும், மிகக் குறுகிய காலத்துக்கே நிகழவேண்டும் என்கிறது. அதன் 40ஆம் உறுப்புரை, அப்பிள்ளை மீண்டும் சமூகத்தில் ஒருவனாக இணைவதையே நோக்கமாகக் கூறுகிறது.

இவற்றுள் எம் மனத்தைத் தொட்டது வேறொரு விதி. சிறுவர் நீதிமன்றத்தின் முன் நிற்கும் பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை ஆகியவற்றைப் பத்திரிகை வெளியிடலாகாது என்று 1939ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது. ஏன் தடுத்தது? அச்சேறிய பெயர் அழியாது. பிள்ளையோ மாறக்கூடியவன். நாளை மாறப்போகிறவனுக்கு இன்றைய பெயரை நிரந்தரமாகச் சூட்டிவிடாதீர்கள் என்பதே சட்டத்தின் கருத்து.

ஆனால், நண்பர்களே, பத்திரிகை அச்சிடக்கூடாத அந்தப் பெயரை எங்கள் தேநீர்க்கடைகள் நாள்தோறும் பதிப்பிக்கின்றன. ஒழுங்கை முடக்கிலும் கோயில் வீதியிலும் அது மறுபதிப்பாகிறது. பத்திரிகைக்குச் சட்டம் உண்டு. எங்கள் நாவுக்குச் சட்டம் எது?

மதிலுக்குள் கற்றவை

வடக்கில் அச்சுவேலியிலும் தெற்கில் மாகொல முதலிய இடங்களிலும் இத்தகைய பாடசாலைகள் அமைந்தன. நாம் எந்தவொரு நிலையத்தையும் குறை கூற வரவில்லை. நல்ல மனமுள்ள ஆசிரியரும் பொறுப்பாளரும் இப்பணியில் இருந்திருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது, எத்துணை நல்ல நிலையமாயினும், பூட்டிய கதவுக்குள் வாழும் பிள்ளை சில பழக்கங்களைக் கற்றே தீருவான் என்பதுதான்.

மணி அடித்தால் எழுவான். மணி அடித்தால் உண்பான். நாளுக்குப் பலமுறை எண்ணப்படுவான். தண்ணீர் குடிக்கவும் ஒதுங்கவும் உத்தரவு கேட்பான். உணவை விரைந்து விழுங்குவான். தாமதித்தால் பக்கத்திலிருப்பவன் எடுத்துக்கொள்வான். அழுவதை அடக்குவான், அழுபவனை மற்றவர் நெருக்குவர். யாரையும் எளிதில் நம்பான். நாளை என்ன செய்வது என்று அவன் எண்ண வேண்டியதில்லை. வேறொருவர் எண்ணி வைத்திருப்பர். ஒன்றரை ஆண்டு இவ்வாறு வாழ்ந்தவனை ஒருநாட் காலையில் வாயிற்கதவைத் திறந்து, "போ, இனி நல்ல பிள்ளையாக இரு" என்று விடுகிறோம். நல்ல பிள்ளையாக இருப்பதற்கு வேண்டியது தானே முடிவெடுக்கும் ஆற்றல். அவ்வாற்றலே அங்கு பயன்படாமல் துருப்பிடித்துக் கிடந்தது.

முதல் இரவு

அவன் வீட்டுக்கு வந்த நாளின் செய்தியைத் தாயாரே எமக்குச் சொன்னார். அன்று அவனுக்குப் பிடித்த புட்டும் மீன்குழம்பும் ஆக்கினார். பையன் மூன்று நிமிடத்தில் உண்டு முடித்தான். எழுந்து, கோப்பையைக் கையிற் பிடித்தபடி நின்றான். "ஏன் ராசா நிக்கிறாய்?" என்று தாய் கேட்டார். "கழுவப் போகட்டோ?" என்று உத்தரவு கேட்டான். தன் வீட்டுக் கிணற்றடிக்குப் போகத் தன் தாயிடம் உத்தரவு கேட்டான்! அந்தத் தாய் குசினிக்குள் போய் அழுதார்.

அவன் முன்னர் படுத்த மூலையில் இப்பொழுது தங்கையின் மேசை இருந்தது. அவள் அவ்வாண்டு சோதனைக்குப் படிக்கிறாள். அவனுடைய சைக்கிளைத் தம்பி ஓட்டுகிறான். வீட்டார் எவரும் வேண்டுமென்று செய்ததன்று. ஒருவன் இல்லாத வீடு அவன் இடத்தை மெல்ல மூடிக்கொள்கிறது; வாழ்க்கை அத்தகையது. அவன் திண்ணையிற் பாயைப் போட்டான். விளக்கை அணைக்க விடவில்லை. மறுநாள் பாயைச் சுருட்டியபோது தலையணைக்கடியில் இரண்டு துண்டு பாண் இருந்தன. தாய் அவற்றை எடுத்தெறியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்தார். எழுத்தறிவு குறைந்த அந்த அம்மையாரின் விவேகத்தை நாம் வணங்குகிறோம்.

தந்தையார் மேசன் வேலை செய்பவர், நல்லவர், ஆனால் வெட்கத்தால் உடைந்தவர். மகன் வந்து பதினொரு நாள் வரை அவனுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. தகப்பன் பேசாத வீட்டில் பிள்ளை விருந்தாளி. அதுவும் விரும்பாத விருந்தாளி.

காணாமற்போன இரண்டாயிரம் ரூபா

மூன்றாவது வாரத்தில் வீட்டில் இரண்டாயிரம் ரூபா காணாமற் போயிற்று. சீட்டுக்காசு. அலுமாரியில் வைத்ததாகத் தாயார் எண்ணினார், அங்கே இல்லை. அவர் யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. தந்தையும் வாய் திறக்கவில்லை. தம்பியும் தங்கையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான்கு பேரும் ஒரே கணத்தில் அவனைப் பார்த்தனர்.

அவன் எழுந்து போனான். அன்றிரவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பணம் அன்று மாலையே அரிசி வாளிக்குள் அகப்பட்டது. தாயாரே பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கு மாற்றி வைத்து மறந்திருந்தார். பணம் கிடைத்துவிட்டது, பிள்ளையைக் காணவில்லை.

மூன்றாம் நாள் தந்தையே போய்த் தேடிக் கண்டுபிடித்தார். எங்கே தெரியுமா? அவனைக் களவுக்கு ஏவிய அந்த மனிதர் ஒருவரின் கொட்டிலில். அவர் மட்டுமே ஒரு கேள்வியும் கேளாமல் அவனுக்குச் சோறு போட்டார். நண்பர்களே, இதனை ஆழ்ந்து சிந்தியுங்கள். வழி தவறிய பிள்ளை பழைய கூட்டத்துக்குத் திரும்புவது ஏன் என்று கேட்கிறோம். அக்கூட்டம் அவனைச் சந்தேகிப்பதில்லை. நல்லவர்களாகிய நாம் சந்தேகிக்கிறோம். எல்லாக் கதவும் சாத்தியிருக்க ஒரு கதவு திறந்திருந்தால், மழையில் நிற்பவன் எக்கதவுக்குள் நுழைவான்?

அன்று தந்தையார் கொட்டில் வாசலில் நின்று, "காசு அரிசிவாளிக்கை கிடந்தது. நாங்கள் உன்னைப் பாத்தது பிழை. வா, வீட்டை போவம்" என்றார். பதினொரு நாள் மௌனம் செய்த தீங்கை இச்சில வார்த்தைகள் மாற்றத் தொடங்கின. தகப்பன் பிள்ளையிடம் பிழை என்று ஒப்புக்கொள்வதால் தகப்பனின் மதிப்புக் குறைவதில்லை. பிழையை ஒப்புக்கொள்வது எப்படி என்று அப்பிள்ளைக்கு அதுவரை எவரும் செய்து காட்டியிருக்கவில்லை.

எமது பங்கு

இனி எமது குற்றத்துக்கு வருகிறோம். அவ்வூர் வாசிகசாலைச் செயற்குழுவில் நாமும் ஒருவர். பையன் அங்கத்துவம் கேட்டு விண்ணப்பம் தந்தான். மாலையில் எங்கும் போவதற்கு இடமில்லாதவன், பத்திரிகை வாசிக்கவும் கரம் விளையாடவும் இடம் கேட்டான். "பொருள்கள் கிடக்கின்றன, பின்னர் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர் தலையசைத்தனர். நாம் தலையசைக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை. விண்ணப்பம் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

எழுத்தறிவுக்கும் விடுதலைக்கும் பேர்போன இயக்கங்கள் வாசிகசாலைகளிலேயே முளைத்தன என்று மேடையிற் பேசுபவர் நாம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை எண்ணி இன்றும் நெஞ்சு பதைப்பவர் நாம். அந்த நாம், வாசிக்க வந்த ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தினோம். தேநீர்க்கடைப் பேச்சைக் கண்டிக்கும் தகுதி அன்று எமக்கு இல்லை. நாலு மாதம் கழித்தே அந்த இழுப்பறையைத் திறந்தோம். அந்த நாலு மாதமும் அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாதவை.

வீட்டார்க்குச் சில சொற்கள்

இத்தகைய பிள்ளை வீடு திரும்பும்போது பெற்றோர் செய்யத்தக்கவை எவை? நன்னடத்தைப் பணியில் ஈடுபட்டோரிடமும் இத்தாய் தந்தையரிடமும் நாம் கற்றவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, அவனுக்கென்று ஓர் இடம் வேண்டும். மாளிகை வேண்டா. ஒரு மூலை, ஒரு பெட்டி, அப்பெட்டிக்கு அவன் கையில் ஒரு திறப்பு. ஒன்றரை ஆண்டாகத் தன் பொருள் என்று எதனையும் பூட்டி வைக்க இயலாதவனுக்கு அத்திறப்பு பெரிய மரியாதை.

இரண்டாவது, விசாரணை செய்யாதீர்கள். "அங்கே என்ன செய்தார்கள்?" என்று உறவினர் முன் கேளாதீர்கள். அவன் சொல்லும் வேளை வரும். பெரும்பாலும் மாட்டுக்குப் புல்லு வெட்டும்போதோ சைக்கிள் திருத்தும்போதோ வரும். அப்போது வேலையை நிறுத்தாமற் கேளுங்கள். அங்கு தனக்கு எவராலேனும் தீங்கு நேர்ந்ததென்று சொன்னால் மூடி மறையாதீர்கள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்; அல்லது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது, வீட்டுக்கு உண்மையில் வேண்டிய ஒரு வேலையை அவனிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்தபின் எட்டி எட்டிப் பாராதீர்கள். தங்கையை மாலை வகுப்பிலிருந்து கூட்டி வருவது அப்பையனின் வேலையாயிற்று. முதல் நாள் தாயார் படலையில் நின்று வழி பார்த்தார். இரண்டாம் நாள் நிற்கவில்லை. நிற்காதிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

நான்காவது, கட்டுப்பாடு வேண்டும், சில வேண்டும், தெளிவாக வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்கும் அதுவே வேண்டும். இன்றைய பிழைக்கு இன்று கண்டியுங்கள். நேரம் பிந்தி வந்தால் பிந்தி வந்ததற்குப் பேசுங்கள். "நீ அங்கே இருந்தவன்தானே" என்று பழைய கணக்கைப் புரட்டாதீர்கள். கோபத்தில் வாய்தவறி வரும் அவ்வொரு சொல், ஆறு மாதத்து உழைப்பை ஒரு நொடியில் அழிக்கும். மறுபுறம், பரிவினால் எல்லாவற்றுக்கும் இணங்கிப் பணத்தை அள்ளிக் கொடுப்பதும் தீங்கே.

ஐந்தாவது, தம்பி தங்கையரை மறவாதீர்கள். அண்ணன் செய்ததற்காக வகுப்பறையில் ஏச்சுக் கேட்டவர்கள் அவர்கள். "அண்ணை வந்தது சந்தோசமோ?" என்று தாயார் கேட்டபோது தங்கை பதில் சொல்லவில்லை. அவளைக் கடிந்துகொள்ளலாகாது. அவளுடைய மனக்கசப்புக்கும் வீட்டில் இடம் வேண்டும்.

ஆறாவது, உறக்கமின்மை, அச்சம், திடீர்ச் சினம் முதலியவை சில காலம் இருக்கும். மாதக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினாலோ, வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது வெட்கமில்லை. இதற்கு மட்டும் வெட்கம் எதற்கு?

ஊராருக்குச் சில சொற்கள்

அதிபர்களே, ஆசிரியர்களே! கட்டாயக் கல்விக்குரிய வயது 2016ஆம் ஆண்டில் பதினாறாக உயர்த்தப்பட்டது. திரும்பி வரும் பிள்ளை இவ்வயதுக்குள் இருந்தால் அவனுக்கு வகுப்பில் இடம் கொடுப்பது தருமமன்று, கடமை. வயது கடந்தவனாயின் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வழிகாட்டுங்கள். அல்லது தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களுக்கு அனுப்புங்கள். அங்கு பெறும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில், வழக்குத் தவணைக்கு நின்ற கதை எழுதப்படுவதில்லை.

வழக்கறிஞர்களே! எங்களூர்ப் பிள்ளை சிறுவர் நீதிமன்றில் நிற்கும் நாளில், அவனுக்காக எழுந்து நிற்க ஒருவரும் இல்லாதிருப்பது உங்கள் தொழிலுக்கு அழகா? மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்க உங்களால் முடியும்.

கமக்காரர்களே! உங்களிடம் நாம் கேட்பது கடினமானது. பொருளை இழந்தவர் நீங்கள். அவனை நம்பு என்று உங்களுக்குச் சொல்வது எமக்கு எளிது. ஆதலால் அந்தத் தோட்டக்காரரின் கதையையே சொல்கிறோம்.

வந்த மூன்றாம் மாதத்தில் பையன் தந்தையுடன் அவருடைய தோட்டத்துக்குப் போனான். பம்பியின் விலையைச் சிறிது சிறிதாகத் தருவதாகச் சொன்னான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "பம்பி வேற வாங்கியிட்டன் தம்பி. அந்த மாசி மாசத்தைத் திருப்பித் தருவியோ?" என்றார். அதற்கு மறுமொழி இல்லை. எவரிடமும் இல்லை. பையன் தலை குனிந்து நின்றான். ஆனால் போய்விடவில்லை. கடைசியில் அவர், "மாசம் மாசம் கொண்டு வா" என்றார்.

பையன் நகரத்தில் வாகனம் திருத்தும் பட்டறையொன்றில் வேலை பழகுகிறான். மாதந்தோறும் கூலி கிடைத்த மறுநாள் தோட்டத்துக்குப் போகிறான். அவர் பணத்தை வாங்கி, ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி, அவனைக் கொண்டே கையெழுத்திடச் செய்கிறார். வேறு பேச்சில்லை. தேநீர் கொடுப்பதுமில்லை. நாம் அவரைக் குறை சொல்லோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயினும் அக்கொப்பியில் அவர் எழுதும் ஒவ்வொரு வரியும், "நீ கடனாளி; கடனைத் தீர்க்க வல்லவன்" என்று அவனுக்குச் சொல்கிறது. கள்ளன் என்ற பெயருக்கு முடிவில்லை. கடனாளி என்ற பெயருக்கு முடிவு உண்டு. இவ்வேறுபாட்டை அவனுக்குத் தந்தவர், அவனால் நட்டப்பட்டவரே.

அரசுக்கு ஒரு சொல்

வீட்டையும் ஊரையும் மட்டும் சொல்லி அரசை விட்டுவிட முடியாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பணி 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாணங்களுக்கு உரியதாயிற்று. 2013ஆம் ஆண்டிற் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018ஆம் ஆண்டில் முடிவுற்றது. சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் திரும்பி வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை உள்ளே வைக்கக் கட்டடம் உண்டு. வெளியே வந்தபின் கைபிடித்து நடத்த ஆளில்லை. பிள்ளையை அனுப்பு முன்னரே வீட்டைப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வீடு விட்டுப் பழக்க வேண்டும். வந்தபின் ஓராண்டாவது உத்தியோகத்தர் தொடர்ந்து வர வேண்டும். தமிழ்ப் பிள்ளையைத் தாய்மொழியில் பேசும் பொறுப்பாளரிடம், பெற்றோர் பேருந்துச் செலவுக்குக் கடன்படாமற் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் வைக்க வேண்டும். தாய் முகம் காணாமல் கழியும் ஒவ்வொரு மாதமும், திரும்பி வரும் வழியை ஒரு மைல் நீட்டுகிறது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் இவன் வயது பதினாறு. ஐந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில், ஐந்துக்கு மிக அண்மையில் நிற்கிறான். "ஊரின் பாதுகாப்பு என்னாவது?" என்று கேட்பீர்கள். அதற்காகவே சொல்கிறோம். தொழிலும் வீடும் மதிப்பும் உள்ளவன் இழப்பதற்கு அஞ்சுவான். எல்லாவற்றையும் முன்னரே பறித்துவிட்டால், அவன் எதனை இழக்க அஞ்சுவான்?

திரும்பி வருவோரை வரவேற்கக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இவ்வினத்துக்குப் புதிதன்று. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின், போரில் ஈடுபடுத்தப்பட்டிருந்த 594 சிறுவர் அம்பேபுஸ்ஸவிலும் இரத்மலானையிலும் வைக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டளவில் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டனர். அவர்கள் கதை வேறு. குற்றம் செய்த பையனின் கதை வேறு. இரண்டையும் ஒன்றென நாம் சொல்லவில்லை. ஆனால் படலை ஒன்றே. அதனைத் திறந்து உள்ளே வரும் பிள்ளை, முதலில் முகங்களைப் பார்க்கிறான். அம்முகங்களில் என்ன எழுதியிருக்கிறதோ அதனை வாசித்தே தன்னை இன்னான் என்று முடிவு செய்கிறான்.

முடிவாக

அவன் முற்றும் திருந்திவிட்டான் என்று நாம் உங்களுக்கு உறுதிமொழி தரமாட்டோம். சென்ற மாதங்கூடப் பட்டறையில் ஒருவனுடன் கைகலந்து, ஒரு வாரம் வேலையின்றி இருந்தான். இன்னும் விளக்கணைத்துப் படுக்கமாட்டான். ஆனால் தலையணைக்கடியில் பாண் இல்லை. கோப்பை கழுவ உத்தரவு கேட்பதில்லை. தோட்டக்காரரின் கொப்பியில் இன்னும் ஏழு மாதக் கடன் இருக்கிறது. வாசிகசாலையில் மாலை வேளைகளில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் வாசிப்பவன் அவன்தான். அதனால் நாம் காத்திருக்க வேண்டியதாகிறது. மகிழ்ச்சியோடு காத்திருக்கிறோம்.

இந்தச் சனசமூக நிலையத்தாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாழ்த்துரையும் மாலையும் எமக்கு வேண்டா. நாளை உங்கள் செயற்குழு கூடும்போது மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். "பின்னர் பார்ப்போம்" என்று வைத்த விண்ணப்பம் ஏதும் அங்கே கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே நடந்து போய்ச் சொல்லுங்கள். நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு ஒரு முடிவுத் திகதி இருந்தது. நாம் கொடுக்கும் தண்டனைக்கும் ஒரு முடிவுத் திகதி வேண்டும். அதனை நாளையென்றே குறியுங்கள்.